சோக்கை இழுத்தால் மட்டும் ஓடும் இயந்திரம்: காரணமும் பரிகாரமும்

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று போற்றப்படும் பாகூர்க் கொம்யூனிலும், சங்கராபரணி ஆற்றை ஒட்டிக் கிடக்கும் வில்லியனூர்க் கொம்யூனிலும் இன்று சிறு பெட்ரோல் இயந்திரம் புழங்காத சிற்றூர் அரிது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் வேலையைப் பெரும்பாலும் மின்மோட்டார்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. எனினும், வயலில் தேங்கிய நீரை வடிக்கத் தூக்கிச் செல்லும் பம்பு, மருந்து அடிக்கும் விசைத்தெளிப்பான், களையெடுக்கும் இயந்திரம், வாய்க்கால் கரையின் புதரை வெட்டும் கருவி, மின்சாரம் நின்றபொழுது உதவும் ஜெனரேட்டர் ஆகியவற்றுள் பெரும்பாலானவை சிறு பெட்ரோல் இயந்திரங்களாலேயே ஓடுகின்றன.

இவற்றின் அருமை மழைக்காலத்தில் விளங்கும். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபொழுது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை ஏறியபொழுது, ஒரே நாளில் சுமார் 46 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சங்கராபரணியிலும் தென்பெண்ணையிலும் வெள்ளம் பெருகி, சம்பா வயல்களும் தாழ்ந்த தெருக்களும் நீரில் ஆழ்ந்தன. இத்தகைய நாட்களில் மின்மோட்டார் பயன்படாது. ஓர் ஓரத்தில் தூசி படிந்து கிடக்கும் சிறு பம்புதான் கைகொடுக்க வேண்டும். அப்பொழுது அது ஓட மறுத்தால், வடிக்கப்படாத நீரில் நாற்று அழுகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதன்றி வேறு வழியில்லை.

இவ்வியந்திரங்களில் அடிக்கடி காணப்படும் கோளாறு ஒன்றுண்டு. சோக்கை இழுத்துக் கயிற்றைச் சுண்டினால் இயந்திரம் உயிர்பெறும். சற்றுச் சூடேறிய பின் வழக்கம்போல் சோக்கைத் திறந்துவிட்டால் இருமுகிறது, ஏறி இறங்கி ஓடுகிறது, அல்லது நின்றே போகிறது. மீண்டும் சோக்கைப் பாதி மூடினால் ஓடுகிறது. பலர் இதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. சோக்கைப் பாதியில் நிறுத்தி வைத்து வேலையை முடித்துக்கொள்கிறார்கள். இஃது ஏன் நேர்கிறது, இப்படியே ஓட்டினால் என்ன கேடு, இதனை நாமே எவ்வாறு சீர்செய்யலாம் என்பவற்றை இங்கு முறையாகக் காண்போம். டீசல் இயந்திரங்களில் சோக்கு என்ற உறுப்பே கிடையாது. ஆதலின் இங்குக் கூறுவன யாவும் பெட்ரோல் இயந்திரங்களுக்கே பொருந்தும்.

சோக்கின் வேலை யாது?

பெட்ரோல் தனியாக எரிந்து இயந்திரத்தை ஓட்டுவதில்லை; காற்றோடு தக்க அளவில் கலந்த பின்னரே எரிந்து விசை தருகிறது. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். இக்கலவையை உண்டாக்கித் தரும் உறுப்பே கார்புரேட்டர். அதன் நடுவே ஒரு குழாய் செல்கிறது. அக்குழாய் ஓரிடத்தில் இடுப்புப்போல் குறுகியிருக்கும். குறுகிய இடத்தில் காற்று விரைந்து பாயும். விரைந்து பாயும் இடத்தில் அழுத்தம் குறையும். இவ்வுண்மையை இத்தாலிய அறிஞர் வெஞ்சூரி 1797-ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார். அழுத்தம் குறைந்த அவ்விடத்தில், கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து மெல்லிய துளை வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத் தூவானமாய்ச் சிதறுகிறது. அத்துளையுள்ள பித்தளைத் துண்டையே ஜெட் என்கிறோம். வேலைப்பளு உள்ளபொழுது பெட்ரோல் தருவது பெரிய ஜெட். பளுவின்றி மெதுவாக ஓடும்பொழுது தருவது சிறிய ஜெட்.

இயந்திரம் குளிர்ந்திருக்கும்பொழுது பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலின் தொடக்கத்தில் மட்டும் கூடுதலாகப் பெட்ரோல் தர வேண்டியுள்ளது. காற்று நுழையும் வாயிலில் உள்ள வட்டத்தகடே சோக்கு. அதனை மூடினால் காற்று குறைகிறது; அத்துடன் உறிஞ்சும் விசை முழுவதும் ஜெட்டின்மேல் பாய்ந்து பெட்ரோலை மிகுதியாக இழுக்கிறது. ஓரிரு நிமிடங்களில் இயந்திரம் சூடேறியதும் சோக்குக்கு வேலையில்லை. அதனை முழுவதும் திறந்துவிடல் வேண்டும்.

இதிலிருந்து கோளாற்றின் தன்மை விளங்கும். சூடேறிய பின்னும் சோக்கு இல்லாமல் ஓடவில்லை எனின், கலவையில் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று மிகுந்துவிட்டது என்பதே பொருள். சோக்கை மூடும்பொழுது உறிஞ்சும் விசை கூடுவதால், பாதி அடைபட்ட துளையிலிருந்தும் வேண்டிய பெட்ரோல் வந்துவிடுகிறது. நோய் மறைகிறது, தீர்வதில்லை.

இயந்திரம் ஏறி இறங்கி ஓடுவதன் காரணமும் இதுவே. பெட்ரோல் குறைந்து வேகம் தாழ்ந்ததும், வேகத்தைக் காக்கும் கவர்னர் வாயிலை அகலத் திறக்கிறது. பெரிய ஜெட்டிலிருந்து பெட்ரோல் வந்து வேகம் ஏறுகிறது. வேகம் ஏறியதும் கவர்னர் மீண்டும் மூடுகிறது. மீண்டும் பெட்ரோல் போதாமற்போகிறது. இதனை அறியாது கவர்னரின் சுருள்வில்லை இழுத்தும் வளைத்தும் பார்ப்பவர் பலர். அஃது ஒழுங்காகவே தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது. அதனைத் தொடுதல் கூடாது.

பாதிச் சோக்கில் ஓட்டுவதன் கேடு

காற்று மிகுந்த கலவை மெதுவாகவும் மிகுந்த வெப்பத்துடனும் எரிந்து, வால்வையும் பிஸ்டனையும் சுடுகிறது. சோக்கை மூடி அதனைச் சரிக்கட்ட முயன்றாலோ, கலவை சில வேளைகளில் தேவைக்கு மேல் பெட்ரோலுடையதாகிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. நீர்த்த ஆயில் உராய்வைத் தடுக்காது. பிளக்கில் கரி படிகிறது, பெட்ரோலும் வீணாகிறது. நச்சுப்புகையும் பெருகுகிறது. வாசனையற்ற கார்பன் மோனாக்சைடு மூடிய அறையில் உயிரையே குடித்துவிடும். மழைக்கு அஞ்சி ஜெனரேட்டரை வீட்டினுள்ளோ, திண்ணையிலோ, சன்னல் ஓரத்திலோ வைத்து ஓட்டுதல் எக்காலத்தும் கூடாது. சோக்கில் ஓடும் இயந்திரமாயின் ஆபத்து பன்மடங்காகும்.

சோதிக்கும் வரிசை

இயந்திரம் நின்றதும் கார்புரேட்டரைக் கழற்றத் தொடங்குதல் முறையன்று. செலவில்லாத எளிய சோதனையை முதலிலும், கடினமானதை இறுதியிலும் செய்தல் வேண்டும். பெட்ரோலைக் கையாளும் முன் இயந்திரம் ஆறியிருத்தல் வேண்டும். பீடி, விளக்கு, அடுப்பு எதுவும் அருகில் இருத்தல் ஆகாது.

1. சோக்கின் தகடு. காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, நெம்பியை அசைத்துத் தகட்டை நேரில் பார்க்க வேண்டும். கம்பி நழுவியிருப்பின், நெம்பி திறந்த நிலையைக் காட்டும்பொழுது தகடு பாதி மூடியிருக்கலாம். அல்லது இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். வடிகட்டி தூசியால் அடைபட்டிருந்தால் விளைவது வேறொரு கோளாறு. அப்பொழுது கரும்புகை வரும், சோக்கைத் திறந்தால் நிலைமை சற்றே சீர்ப்படும். வடிகட்டியே இல்லாமல் ஓட்டினால் காற்று அளவுக்கு மிஞ்சிக் கலவை மெலிவதோடு, அறுவடைக்களத்துத் தூசி சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

2. பெட்ரோலின் தன்மை. டேங்கிலிருந்து சிறிதளவு பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் நீர் தனியே நின்றாலும், நிறம் கறுத்திருந்தாலும், வார்னிஷ் போன்ற புளித்த நாற்றம் வீசினாலும் அதனைப் பயன்படுத்தலாகாது. சென்ற பருவத்தில் ஊற்றி மீந்த பெட்ரோலே பெரும்பாலான கோளாறுகளுக்கு வித்து. டேங்கைக் கழுவிப் புதுப் பெட்ரோல் ஊற்றிய அளவிலேயே சில இயந்திரங்கள் நலம் பெறுவதுண்டு.

3. டேங்க் மூடியின் துளை. மூடியில் ஒரு நுண்துளை உண்டு. பெட்ரோல் கீழிறங்க இறங்க, அத்துளை வழியே காற்று உள்ளே செல்ல வேண்டும். துளை அடைபட்டால், கால் மணி நேரம் ஓடிய பின் பெட்ரோல் வருவது நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியவுடன் இயந்திரம் தெளிந்து ஓடினால் குற்றம் மூடியினுடையதே.

4. பெட்ரோல் பாயும் வேகம். கார்புரேட்டரில் செருகிய ரப்பர்க் குழாயைக் கழற்றி, ஒரு பாத்திரத்தில் விட்டுக் குழாயைத் திறக்க வேண்டும். 5 குதிரைத்திறன் இயந்திரம் முழுப் பளுவில் மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அஃதாவது நிமிடத்திற்கு 33 மில்லி லிட்டர். குழாயிலிருந்து இதைப்போல் மூன்று நான்கு மடங்காயினும் தடையின்றி வர வேண்டும். ஒரு நிமிடத்தில் சிறு தம்ளர் நிறைந்தால் போதும். சொட்டுச் சொட்டாய் வந்தால், டேங்கின் அடிவலை, வடிகட்டி, திறப்பான், வண்டல் தங்கும் கிண்ணம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். ரப்பர்க் குழாய் உப்பி உள்ளே மடிந்திருத்தலும் உண்டு.

5. பிளக்கின் நிறம். பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்ப்பது, வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வதற்கு ஒப்பானது. சோக்கைத் திறந்து சில நிமிடங்கள் எப்படியாயினும் ஓட்டி, உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். இளம் பழுப்பு நிறம் நலத்தைக் காட்டும். வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. அப்பொழுது இங்குக் கூறிய வழியில் தேடுதல் பயனற்றது. இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளி பல இயந்திரங்களில் 0.7 முதல் 0.8 மில்லி மீட்டர் வரை இருக்கும். தம் இயந்திரத்திற்குரியதைக் கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்க.

6. திருட்டுக் காற்று. கார்புரேட்டருக்கும் இயந்திரத்திற்கும் இடையே அட்டைப் பேக்கிங்கும் வெப்பம் தடுக்கும் கட்டையும் உள்ளன. அவை கிழிந்தாலோ, வெடித்தாலோ, நட்டு தளர்ந்தாலோ, கணக்கில் வராத காற்று உட்புகும். மெக்கானிக்குகள் இதனை ‘ஏர் எடுக்கிறது’ என்பர். முதலில் நட்டுகளை ஒரே சீராக முறுக்கிப் பார்க்க வேண்டும். பின்னர் இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, இணைப்பைச் சுற்றிக் கெட்டியான சோப்பு நீரையோ, சிறிது எஞ்சின் ஆயிலையோ தடவ வேண்டும். தடவியவுடன் ஓசை மாறினால் அவ்விடத்தில் காற்றுப் புகுகிறது என்று துணியலாம். இச்சோதனைக்குப் பெட்ரோலைத் தெளிப்பாரும் உளர். சூடான புகைக்குழாயின் அருகே அது தீயை அழைப்பதாகும். பேக்கிங்கைப் புதிதாக மாற்றுவதே பரிகாரம். பசை பூசி ஒட்டினால் அப்பசை பிய்ந்து உள்ளே போகும்.

7. கார்புரேட்டர். மேற்கூறிய யாவும் குற்றமற்றவை எனின், அடைப்பு ஜெட்டில் உள்ளது என்று கொள்ளலாம். பளுவின்றி ஓடும்பொழுது மட்டும் ஏறி இறங்கினால் சிறிய ஜெட்டும், பம்பு நீரை இழுக்கத் தொடங்கியதும் துவண்டால் பெரிய ஜெட்டும் ஐயத்திற்குரியவை.

ஜெட்டைச் சுத்தம் செய்தல்

முதலில் பெட்ரோல் குழாயை மூடுக. கிண்ணத்தின் அடியிலுள்ள திருகாணியைக் கழற்றி, வடியும் பெட்ரோலைத் தெளிந்த பாட்டிலில் பிடித்துப் பார்க்கவும். நீர்முத்தும் துருப்பொடியும் கண்டால், டேங்கையும் கழுவாமல் விடுவதில் பயனில்லை. இரண்டு நாளில் அடைப்பு மீண்டும் வரும். கிண்ணத்தைக் கழற்றினால் மிதவையும் அதன் ஊசியும் தெரியும். மிதவை தாராளமாக ஏறி இறங்க வேண்டும். அது தாழ்ந்த நிலையிலேயே ஊசி மூடிவிடின், கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் குறைந்து கலவை மெலியும்.

நடுத்தூணில் உள்ள ஜெட்டை அதற்குப் பொருந்தும் திருப்புளியால் கழற்றுக. சிறிய திருப்புளியால் திருகினால் மென்மையான பித்தளை சிதைந்துவிடும். ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், துளை வட்டமாகத் தெளிந்து தெரிய வேண்டும். துளைக்குள் ஊசியையோ இரும்புக் கம்பியையோ விடுதல் பெருங்குற்றம். துளை நூலிழை அகன்றாலும் அளவு கெட்டு, அந்த ஜெட் பிறகு உதவாது. கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைத்துக் காற்றடித்தல் நன்று. அதற்கும் மசியாத அடைப்புக்கு, மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையை மெதுவாக நுழைக்கலாம். ஜெட்டின் மேலுள்ள பல துளைக் குழலையும், கார்புரேட்டரின் உடலிலுள்ள சந்துகளையும் அவ்வாறே தூய்மை செய்தல் வேண்டும். ரப்பர் வளையங்களையும் ஊசியின் ரப்பர் நுனியையும் அத்திரவத்தில் போடலாகாது, உப்பிக் கெட்டுவிடும். கண்ணில் தெறிக்காதவாறு காத்துக்கொள்க.

சில கார்புரேட்டர்களில் கலவையைத் திருத்தும் திருகாணி உண்டு. அதனைக் கழற்றும் முன், எத்தனைச் சுற்றுகளில் உட்சென்று மெல்ல நிற்கிறது என்பதை எண்ணிக் குறித்துக்கொள்க. மீண்டும் மாட்டும்பொழுது அதே சுற்றுக்குக் கொண்டுவரல் வேண்டும். அடைப்பை நீக்காது இத்திருகாணியை மட்டும் திருகித் தற்காலிகமாக ஓட்டுவது, சோக்கைப் பாதி மூடி ஓட்டுவதற்கு உடன்பிறந்த பழக்கம்.

இத்தனையும் செய்த பின்னும் குறை நீடித்தால், வால்வின் இடைவெளியும் கம்ப்ரஷனும் சோதிக்கப்பட வேண்டும். வால்வு சரியாக மூடாவிடினும், பிஸ்டன் வளையம் தேய்ந்திருப்பினும், இயந்திரத்தின் உறிஞ்சும் விசை குன்றி, சோக்கின் துணையின்றிப் பெட்ரோலை இழுக்க மாட்டாததாகிறது. இதற்குத் தேர்ந்த மெக்கானிக்கின் கை வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

பழைய இயந்திரங்களில் இக்கோளாறு மிகுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நம் நாட்டுப் பெட்ரோலில் கரும்பு, தானியம் முதலியவற்றிலிருந்து வடிக்கும் எத்தனால் சேர்க்கப்படுகிறது. 2022-இல் அதன் அளவு 10 விழுக்காட்டை எட்டியது. 2023-இல் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் பரவியது. அயல்நாட்டு எண்ணெய்க்குச் செல்லும் பொருளைக் குறைப்பதும், உழவர் விளைபொருளுக்குச் சந்தை தருவதும் இதன் நோக்கம்.

ஆயினும் எத்தனாலின் இயல்பை அறிந்து நடத்தல் வேண்டும். தூய எத்தனால் எரிவதற்கு எடையில் 9 பங்கு காற்றே போதும். 20 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்கு 13.5 பங்கு அளவில் வேண்டும். தூய பெட்ரோலுக்கென்று அளந்து துளையிட்ட பழைய ஜெட்டிலிருந்து முன்போலவே எரிபொருள் வருமாயின், கலவை ஏறக்குறைய 8 விழுக்காடு மெலிந்துவிடுகிறது. நல்ல நிலையிலுள்ள இயந்திரம் இதனைத் தாங்கும். முன்பே ஜெட் சற்று அடைபட்ட இயந்திரம் சோக்கைத் தேடும்.

எத்தனால் காற்றின் ஈரத்தையும் ஈர்க்கும். ஓரளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால், நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோல் குழாயின் வாய் இருப்பதும் அடியிலேயே. கடற்காற்றும் ஐப்பசி மழையும் சூழ்ந்த நம் பகுதியில், பாதி நிறைந்த டேங்க் ஈரம் சேர்க்கும் கலமாகிறது. அவ்வீரம் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். பழைய ரப்பரை எத்தனாலும் கெடுக்கும். பழைய இயந்திரங்களின் கைப்புத்தகங்கள் பல, 10 விழுக்காடு வரையே ஒப்புக்கொள்கின்றன. புதிய இயந்திரம் வாங்குவோர், 20 விழுக்காட்டுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குவது அறிவுடைமை. பழையது வைத்திருப்போர் ரப்பர்க் குழாய்களையும் பேக்கிங்கையும் காலத்தில் மாற்றி, பெட்ரோலைத் தேங்கவிடாமல் இருந்தால் பெரும்பாலும் குறை நேராது.

தெளிப்பானும் மண்ணெண்ணெய்ப் பம்பும்

முதுகில் சுமக்கும் விசைத்தெளிப்பான், புதர் வெட்டும் கருவி ஆகியவற்றுள் பல இரண்டு ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. இவற்றில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே உட்செல்கிறது. ஆதலின் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. பிஸ்டன் வறண்டு சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். இவ்வகை இயந்திரம் சோக்கின்றி ஓடவில்லையெனின், அன்றே நிறுத்திச் சீர்செய்தல் வேண்டும். ஆயிலின் அளவைக் கண்மதிப்பால் ஊற்றலாகாது. 25-க்கு 1 என்று கைப்புத்தகம் கூறினால் லிட்டருக்கு 40 மில்லி லிட்டர். 50-க்கு 1 எனின் 20 மில்லி லிட்டர். இவற்றின் கார்புரேட்டர் பலவற்றில் மிதவைக்கு மாறாக மெல்லிய ரப்பர்ச் சவ்வு வேலை செய்கிறது. சவ்வு விறைத்துப்போனால் கழுவுவதில் பயனில்லை, மாற்றுவதே வழி.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய பம்பு வைத்திருப்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய் சூட்டிலேயே நன்கு ஆவியாகும். இயந்திரம் சூடேறும் முன் மாற்றினால் அது இருமும்; சோக்கைக் கேட்கும். அது கோளாறன்று, அவசரத்தின் பயன். நிறுத்தும் முன் சில நிமிடங்கள் பெட்ரோலில் ஓட்டி, கிண்ணத்திலுள்ள மண்ணெண்ணெயைத் தீர்த்துவிட்டால் மறுநாள் தொல்லையின்றிக் கிளம்பும். பெட்ரோலுக்கு மட்டும் அமைந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் கலத்தல் எவ்வகையிலும் தகாது.

வருமுன் காத்தல்

ஒரு மாதத்திற்கு மேல் வேலையில்லை என்று தெரிந்தால், டேங்கைக் காலி செய்து, இயந்திரம் தானே நிற்கும் வரை ஓட்டி, கிண்ணத்தின் திருகாணியைத் தளர்த்தி எஞ்சியதையும் வடித்துவிட வேண்டும். ஜெட்டில் தங்கிய பெட்ரோல் உலர்ந்து பிசினாவதே அடைப்பின் பிறப்பிடம், தங்காதது உலர்வதுமில்லை. பெட்ரோலை வேண்டிய அளவே வாங்கி, மூடி இறுகிய கலத்தில் நிழலில் வைத்து, சில வாரங்களுக்குள் செலவிடுக. ஊற்றும்பொழுது வலையுள்ள புனலைப் பயன்படுத்துக.

இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரத்தை இவ்வாறு முற்றும் வறண்டு நிற்க விடும்பொழுது பளுவேற்றாமல் மெதுவாகவே ஓடவிடல் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும், இயந்திரங்களைப் பொதுவில் வைத்திருக்கும் உழவர் குழுக்களுக்கும் இதில் தனிப் பொறுப்பு உண்டு. ஒருவருடைய இயந்திரத்தை அவர் கவனிப்பார். ஊர் இயந்திரத்தை எல்லாரும் எடுப்பர், ஒருவரும் கழுவார். ஆதலின் ஒவ்வோர் இயந்திரத்திற்கும் பொறுப்பாளர் ஒருவரைக் குறித்தல் வேண்டும். ஒரு சிறு குறிப்பேட்டில், எடுத்தவர், ஓடிய மணி, ஆயில் மாற்றிய நாள், கண்ட குறை ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். ‘சோக்கில் ஓடுகிறது’ என்று ஒருவர் எழுதினாலே போதும். அடுத்த வேலைக்குக் கொடுக்கும் முன் அதனைச் சீர்செய்துவிடலாம். மாதந்தோறும் ஒரு நாள், புதுப் பெட்ரோல் சிறிது ஊற்றிப் பத்து நிமிடம், சோக்கை முழுவதும் திறந்து, பளுவுடன் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். சோக்கை மூடிக் கிளப்பியவுடன் ‘ஓடுகிறது’ என்று குறித்துவிட்டு நிறுத்துவது சோதனையாகாது. ஒரு பிளக்கு, ஒரு பேக்கிங், ஒரு முழம் ரப்பர்க் குழாய், ஒரு வடிகட்டி ஆகிய நான்கும் இயந்திரத்தோடு ஒரு பையில் இருக்குமாயின், புயலிரவில் கடை தேடி அலைய வேண்டுவதில்லை.

இச்சோதனைகளைச் செய்து காட்டுமாறு, அவ்வப் பகுதி உழவர் உதவியகத்தையும், குரும்பாபேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தையும் ஊரார் கேட்டுக்கொள்ளலாம். நன்கு செய்யத் தெரிந்த இளைஞர் இருவர் ஓர் ஊரில் இருந்தால், அவ்வூரின் இயந்திரங்கள் யாவும் காக்கப்படும்.

சொர்ணவாரி அறுவடைக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் இடையே கிடைக்கும் நாட்களே இவ்வேலைக்கு ஏற்றவை. பங்காரு வாய்க்காலில் நீர் வருமுன் வாய்க்காலைத் தூர்வாருவது நம் முன்னோர் வழக்கம். அதே வாரத்தில் பம்பின் கிண்ணத்தையும் தூர்வாரிவிடுவோமாயின், ஐப்பசியில் நீர் ஏறும்பொழுது சோக்கைத் திறந்தபடியே அது ஓடும்.